கட்டைவிரல் எஞ்ஜின்

7.10.2012, ஞாயிறு. திண்டிவனம்

காலையிலிருந்து தூறல். கரண்ட் போவதும் வருவதும். பாப்பாவுக்குச் சளி, பூசைக்குப் போகவில்லை. துணி ஒன்றும் காயவில்லை. வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, சோப்பு, கேப்பை மாவு.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்தைப் பார்த்தால்தான் சிரிப்பு. பின்னால் நின்று கை தட்டினேன், ஒருமுறை திரும்பினாள். நிழலைப் பார்த்தாளோ என்னவோ. அத்தையிடம் சொன்னால், உன் புருஷனும் எல்லாத்துலயும் லேட்டுதான், கண்டதைப் படித்துவிட்டுப் பயப்படாதே என்கிறார். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இவர் பின்பக்கம், எஞ்ஜினோடு. விழுப்புரம் பாலிடெக்னிக் லேபில் வேலை. லீவு கிடைத்தால் இதுதான். பொம்மை விமானத்தில் வைக்கிற எஞ்ஜின், கட்டைவிரல் அளவு. அதில் குட்டி மோட்டாரைக் கோத்து, கரண்ட் இல்லாதபோது செல்போன், ரேடியோ எல்லாம் ஓட்ட வேண்டுமாம். ஒரு ஸ்பூன் எண்ணெயில் இருக்கிற சக்தி அதே எடை பேட்டரியில் கிடையாது என்பார், சாப்பிடும்போதுகூட.

9.10, செவ்வாய்

சாயங்காலம் எஞ்ஜின் ஓடிவிட்டது. செல்போனில் சார்ஜ் ஏறியது. சத்தம், மரம் அறுக்கிற மில் தோற்றது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். "இன்னாப்பா பண்ணிக்கினு இருக்கீங்க? எம் மாமனாருக்குக் காதே கேக்காது. அவரே எழுந்து உக்காந்துக்கினாரு."

எல்லோருக்கும் சிரிப்பு. அத்தை தூளியை விலக்கிப் பார்த்தார். "எம் பேத்தி அசையல பாரு. தங்கமான புள்ள."

எஞ்ஜின்காரன் பெண் என்றால் சும்மாவா என்று இவருக்குப் பெருமை. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சோறு குழைந்துவிட்டது.

10.10, புதன்

தூக்கத்தில் எந்தக் குழந்தையும் அப்படித்தான் இருக்கலாம். முழித்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க என்றேன். இத்தனை மாதத்தில் நானாகக் கேட்டது இதுதான். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. சட்டை மாற்றவில்லை, எண்ணெய் ஊற்றிக்கொண்டே விளக்கம். பாப்பாவை எஞ்ஜினுக்கு முதுகு காட்டிப் பாயில் உட்கார வைத்தேன். கையில் ஒரு டம்ளர்.

ஓடியது. டம்ளரை உருட்டினாள். எடுத்தாள். வாயில் வைத்துக் கடித்தாள்.

"எஞ்ஜினப் பாக்கச் சொன்னா நீ எங்க பாக்கற?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார்.

பாப்பாவைக் காட்டினேன். புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் நிறுத்தத் தோன்றவில்லை அவருக்கு. எண்ணெய் தீர்ந்து தானாக நின்றது.

15.10, திங்கள்

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட். இரண்டு காதுமே. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார், பாதி மனதில் ஏறவில்லை. முதலில் காது மெஷின் மாட்டிப் பார்ப்பார்களாம். போதாவிட்டால் ஆபரேஷன். பேச்சு வருமா என்று கேட்டேன். சீக்கிரமா வந்துட்டீங்கம்மா என்றார். நான் கேட்டது அதை இல்லை.

இவர் கேட்டது ஒன்றுதான். "அந்த மெஷினு எதுல ஓடும் மேடம்?"

டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு பேட்டரி எடுத்துக் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. நாள்கணக்கில் வருமாம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுங்க என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பஸ்ஸில் பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

16.10

மழை. எங்க பக்கம் இப்படி யாரும் இல்ல என்றார் அத்தை. இவர் வேலைக்குப் போய்விட்டார், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு.

மதியம் பாப்பாவைத் தூளியில் போட்டேன். பாட வாயெடுத்தேன். பாடவில்லை. வெறுமனே ஆட்டினேன். எப்போதும்போலத் தூங்கிவிட்டாள்.