‘வரும்’ என்று சொன்னவள்

இன்று காலை ஒன்பதாம் வகுப்பின் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பாடம். ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எச்சரிப்பதா, அறிவிப்பதா, நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதா என்று எழுதக் கேட்டிருந்தேன். ‘த வோல் மே ஃபோல்’, அதாவது சுவர் விழலாம் என்ற வாக்கியத்துக்கு எதிரே ஒரு பிள்ளை முதலில் ‘ப்ரெடிக்ட்’, முன்கூட்டிச் சொல்வது, என்று எழுதி, பிறகு அழித்து ‘வோர்ன்’, எச்சரிப்பது, என்று எழுதியிருந்தாள். அழித்த வேகத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. பேனையை மூடி வைத்தேன். அதே தவறை நானும் செய்தவள்தானே. அதுவும் உன்னிடம்.

சாய்ந்தமருதில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். சாதாரணதரப் பரீட்சையோடு உனக்குக் கலியாணம் முடிந்தது. என் காக்கா, மூத்த அண்ணன், கடன்பட்டு அனுப்ப, நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி நீ தனித்த பிறகு, ஊர்ப் பெண்களுக்கு அபாயா அங்கி தைத்துத் தைத்தே ஒரே மகள் ஷிபானாவை வளர்த்தாய். மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்து, மருந்துகளும் ஏற்றி முடித்து, உனக்கு முடி திரும்ப முளைக்கத் தொடங்கிய நாட்களில்தான் அது நடந்தது. கிளினிக் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் கொஞ்சம்தான் வரும். “நீ டீச்சர்தானே, வந்து கேட்டுச் சொல்லுகா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாய்.

மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள். டொக்டர் வேகமாகச் சொன்னார்: “இட் மே கம் பேக். சோ, எவ்ரி த்ரீ மந்த்ஸ்.”

நீ என் முகத்தைப் பார்த்தாய்.

“திரும்பி வருமாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வரட்டாம்” என்றேன்.

பஸ்ஸில் நீ ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். களைப்பு என்று நினைத்தேன். இறங்கும்போது, “ஷிபானாட்ட இதச் சொல்லிராத” என்று மட்டும் சொன்னாய்.

பத்து வாரம் கழித்து ஷிபானா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவளுக்குக் கம்பஸ், பல்கலைக்கழக இடம், கிடைத்திருந்த நேரம் அது. பதிவுக்குப் போக மூன்று வாரம்தான் இருந்தது. “மாமி, உம்மா எனக்குக் கலியாணம் பேசிட்டா. அக்கரைப்பற்று மாப்பிள்ளையாம். கம்பஸ் வேணாமாம். ஏன் எண்டு கேட்டா அழுறா. நீங்க ஒருக்கா வந்து கதைங்க.”

நான் வந்தபோது நீ தையல் மெஷினில் இருந்தாய். தைத்தது யாருடையதோ அபாயா அல்ல, மகளின் கலியாண உடுப்பு.

“என்ன அவசரம்?” என்று கேட்டேன்.

“நீதானே சொன்னாய், வருத்தம் திரும்பி வரும் எண்டு. நான் மௌத்தானா இந்தப் பிள்ளை ஆர்ர கையில நிக்கும்? கண்ணோட இருக்கக்குள்ள ஒருத்தன்ட கையில குடுத்திடுறன்.” பிறகு துணியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். “ஆனா ஒண்டு புள்ள. இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லாம ஆருக்கும் நாளைய கதையக் கதைக்க ஏலுமா? அந்த டொக்டர் எப்படி வரும் எண்டு அடிச்சுச் சொன்னவ? என்ன சொல் சொன்னவ?”

அப்போதுதான் டொக்டரின் வாக்கியத்தை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

“மே எண்டு சொன்னவ.”

“மே எண்டா?”

“வரலாம். வராமலும் போகலாம். நான்தான் பிழையாச் சொல்லிட்டன்.”

நீ ஏசுவாய் என்று நின்றேன். அதைவிடக் கொடியதைச் செய்தாய்; நம்பவில்லை. “பிள்ளை வந்து அழுதிருப்பாள், அதுக்காக இப்ப மாத்திச் சொல்றாய்” என்றாய். இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவளின் சொல்லுக்கு உன் வீட்டில் அன்று மதிப்பில்லை. அதற்கு நீ காரணமில்லை.

பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிளினிக் வந்தது. உன் நோய் அட்டையின் பின்பக்கத்தை நீட்டி, “எச்சரிக்கிறதுக்கு என்ன சொல்? அறிவிக்கிறதுக்கு? நடக்கப்போறதச் சொல்றதுக்கு? தமிழ் எழுத்தில எழுதித் தா. நானே கேக்கிறன்” என்றாய். எழுதித் தந்தேன். பஸ்ஸில் உதடு அசைய அசைய அதைப் பாடமாக்கினாய். உள்ளே போனதும் என்னை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாய்:

“டொக்டர், யூ இன்ஃபோர்ம் மீ? யூ ப்ரெடிக்ட் மீ? யூ வோர்ன் மீ?”

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கதவடியில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“வோர்ன்,” என்றார். “ஒன்லி வோர்ன்.” உன் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில், “இப்ப இல்ல. பயம் வேணாம். ஆனா வரணும், பாக்கணும்” என்றார்.

நீ அந்த இடத்திலேயே முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாய். வெளியே வந்ததும் என் தோளில் ஓங்கி ஒரு அடி. “இதுக்கா காக்கா கடனோட உன்னக் கலாசாலைக்கு அனுப்பினவர்?” பிறகு சிரித்தாய். நானும் சிரித்தேன், அழுகையோடு.

அக்கரைப்பற்றுக்காரர் நாலு வருடம் காத்திருக்க மாட்டோம் என்று வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். நீ அவர்களைக் குறை சொல்லவில்லை. கலியாண உடுப்பைப் பிரித்து, மகள் கம்பஸுக்கு உடுத்துப் போக இரண்டு அபாயா தைத்தாய்.

நோய் திரும்பி வந்தது. ஆனால் எட்டு வருடம் கழித்து. அதற்குள் ஷிபானா பட்டம் பெற்று, நீர்ப்பாசனக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டி, ஒரு பேரனையும் உன் மடியில் தந்திருந்தாள். கடைசி நாட்களில் நான் பழையதை எடுத்து மன்னிப்புக் கேட்கப் போனபோது நீ கையை அசைத்தாய். “விடுகா. நீ பிழையாச் சொல்லாட்டி நான் சரியாக் கேட்டிருக்க மாட்டன்.” அந்தக் கருணை எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருக்கிறது. நல்ல பாரம்.

இப்போது கிளினிக் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் இருக்கிறேன். மொழி தெரியாமல் தவிக்கும் பெண்களுக்கு டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்கிறேன். வாயைத் திறக்குமுன் டொக்டரிடம் ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொள்வேன். சிலருக்கு அது எரிச்சல். பரவாயில்லை.

போன கிழமை பொத்துவிலில் இருந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண் வந்திருந்தாள். உன் வருத்தம்தான் அவளுக்கும். “டொக்டர் திரும்பி வரலாம் எண்டு சொல்றா. வரும் எண்டு சொல்லல்ல” என்றேன். இரண்டு சொல்லையும் அவள் சொல்லிப் பார்க்கும்வரை விடவில்லை.

அவள் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப டீச்சர், வருத்தம் எண்டு நிப்பாட்டி வச்ச வேலை ஒண்டு இருக்கு. மாரி மழைக்கு முந்தி வீட்டுக்கு ஓடு போடலாமா?”

“போடுகா,” என்றேன்.