சங்கையா வீட்டுக் கூறு

மாசி 2, சனி

விடியலில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. மிளகாய் வத்தல் காயப்போட நல்ல நாள். இன்றைக்குச் செய்ய:
– மல்லி மூடை இரண்டையும் புடைத்து வைக்க.
– தராசுக்கு முத்திரை. (போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்.)
– தரகர் செல்வத்துக்கு போன்.

போன் பண்ணும் முன் செல்வமே வந்துவிட்டார். திருச்சுழிப் பக்கத்துக் காட்டு நிலத்தை சோலார் கம்பெனி எடுப்பது உறுதியாம். ஒரே சிக்கல் பட்டா. தாத்தா வேலுச்சாமி பெயரும் அவர் தம்பி சங்கையா பெயரும் அதில் சேர்ந்தே கிடக்கின்றன. சங்கையா சின்ன வயசில் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். போனவர் போனவர்தான். கடிதம் கிடையாது, ஆள் கிடையாது.

"அவுகளுக்கு வாரிசே இல்லைன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. சாட்சிக்கு உங்க பங்காளி மூக்கையா போதும். மாசி பதினொண்ணாந் தேதி திங்கக்கெழம, பத்திர ஆபீஸு. ஒரே ஒரு கையெழுத்து."

தாளை வாங்கிக் கல்லா இழுப்பறையில் வைத்தேன். அந்த நிலத்தில் என்ன இருக்கிறது? சீமைக்கருவேல், பாம்பு. விற்றால் பாளையம்பட்டியிலிருந்து கடையை டவுனுக்குள் கொண்டுபோய்விடலாம். இருபது வருஷ ஆசை. மனசு உறுத்தவில்லை. எழுதியே வைக்கிறேன், உறுத்தவில்லை.

பதினொரு மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளை இறங்கி நேரே கடைக்கு வந்தது. முப்பது வயதுக்குள். போனை ஒரு குச்சியில் செருகி, என் வத்தல் மூடையைப் பார்த்து "வணக்கம் மக்களே" என்றது. மூடை என்ன பதில் சொல்லும்? பெயர் தர்ஷினி, மலேசியா. சமைத்துப் படம் எடுத்துப் போடுவதுதான் வேலையாம். லட்சக்கணக்கில் பார்க்கிறார்களாம். வேலையில்லாத லட்சம் பேர்.

அவர்கள் வீட்டு உப்புக்கறியைப் போட்டிருக்கிறாள். கீழே யாரோ, "இது அருப்புக்கோட்டைப் பக்கம் எங்க குலசாமி மாசிக்களரியில வைக்கிற கறி" என்று எழுதிவிட்டான். உடனே டிக்கெட் போட்டுக் கிளம்பிவிட்டாள்.

"அங்கிள், எங்க கொள்ளுத் தாத்தா பேரு சங்கையா. அவரோட அண்ணன் வேலுச்சாமி. திருச்சுழி பக்கம்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

இழுப்பறை பாதி திறந்திருந்தது. மூடினேன்.

"ஊருக்கு நாலு சங்கையா இருப்பாகம்மா. எவருன்னு நான் சொல்ல?"

அரைக் கிலோ வத்தல் கேட்டாள். கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

மாசி 3, ஞாயிறு

கறிக்கடையில் கூட்டம். நான் திரும்பி வருவதற்குள் வீட்டு அடுப்படியில் அந்தப் பிள்ளை நிற்கிறது. பாண்டி (என் வீட்டுக்காரி பாண்டியம்மாள், பஸ் ஸ்டாண்டில் யார் முழித்துக்கொண்டு நின்றாலும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாள்) லாட்ஜ் வாசலில் பார்த்து அழைத்து வந்திருக்கிறாள். "தனியா ஒரு பொம்பளப் பிள்ள லாட்ஜுலயா கெடக்குறது? மகன் ரூமு சும்மாதான இருக்கு." மகன் கோயம்புத்தூரில். அறை சும்மாதான் இருக்கிறது. என்ன சொல்வது.

இன்றைக்குக் கறி அவள் கையால். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், விதை உதறிய வத்தல், உப்பு. தக்காளி இல்லை, தேங்காய் இல்லை, மசாலா இல்லை. எல்லாம் சரி. கடைசியில் பையிலிருந்து புல் மாதிரி ஒன்றை எடுத்துத் தட்டிப் போட்டாள். செரை என்றாள். "எலுமிச்சம்புல்லு! இத கஷாயத்துக்குல்ல போடுவாக!" என்று பாண்டி சிரித்தாள்.

"எஸ்டேட் கடையில அப்ப நல்லெண்ணெய் கிடைக்காதாம் ஆன்ட்டி. தேங்காய் எண்ணெய்தான். அதுல கறி வாடை போகலையாம். தோட்டத்து ஓரமா செரை முளைச்சுக் கிடந்துச்சு, கொள்ளுப்பாட்டி பிடுங்கிப் போட்டுட்டாங்க. அப்புறம் அது இல்லாட்டி யாருக்கும் இறங்கலை."

வாசனை மோசமில்லை. அதைச் சொல்லவில்லை.

பரிமாறும் முன் சட்டியிலிருந்த கறியை வாழை இலையில் சின்னச் சின்னக் கூறாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக ஒன்றைத் தள்ளி வைத்தாள்.

"அது யாருக்கும்மா?" என்றாள் பாண்டி.

"ஊருக்கு. மாசி மாசம் உப்புக்கறி வச்சா எங்க வீட்டுல ஒரு கூறு எடுத்து வைக்கணும். வேலுச்சாமி தாத்தா கூறு. ஊருல இருக்கிற அண்ணன் பங்காம். அப்புறம் பக்கத்து வீட்டு சீனத்து அம்மாவுக்குக் குடுத்துருவோம். நாங்க சாப்பிட மாட்டோம்."

கரண்டி பாண்டி கையிலேயே நின்றுவிட்டது. "ஏங்க! நம்ம தாத்தா பேருல்ல? களரியில வருசா வருசம் மலாயாக்காரர் சங்கையா வீடுன்னு கூப்புடுறாகளே, அவுக வம்சமா இது?"

"அட, அந்தச் சங்கையாவா!" என்றேன். "நேத்து வெயில்ல மண்டை ஓடல."

பிள்ளை கண் கலங்கிவிட்டது. "அப்ப அங்கிள்..." என்று ஆரம்பித்தாள். "அங்கிள் என்ன அங்கிள்? உங்க அப்பாவுக்கு இவுக அண்ணன் முறை. பெரியப்பான்னு சொல்லு" என்று பாண்டி உத்தரவு போட்டாள்.

பெரியப்பா ஆகிவிட்டேன். நாலாவது கூறையும் என் இலையில்தான் வைத்தார்கள். அது தொண்டையில் இறங்கவில்லை. செரையால் இருக்கும்.

களரியைப் பற்றி இங்கே எழுதித் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசில் சுற்றிக்கொண்டே இருக்கும். குலசாமிக்கு வெட்டிய கிடாயைப் பங்காளி வீட்டுக்கு ஒரு கூறு என்று பிரிப்பார்கள். அந்தக் காலத்துப் பெயர்தான் கூப்பிடுவார்கள். "வேலுச்சாமி வீடு" என்றால் நான் போய் வாங்குவேன். அடுத்து "சங்கையா வீடு." அதையும் நான்தான் வாங்குவேன். எனக்கு முன்னால் அப்பா வாங்கினார். அங்கே எங்கள் கூறை எடுத்து வைத்து யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். இங்கே அவர்கள் கூறை நாங்கள் தின்றிருக்கிறோம்.

மாசி 5, செவ்வாய்

வெயில். காலையில் கரண்ட் இல்லை. மல்லி புடைத்தாயிற்று. முத்திரை இன்னும் இல்லை.

தர்ஷினி நேற்று வீடியோ போட்டுவிட்டாள். "பெரியப்பா வீட்டு உப்புக்கறி." அதில் நான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே போகிறேன். மானக்கேடு. செல்வம் வீட்டம்மா பார்த்திருக்கிறாள், செல்வம் ஓடி வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது, வாரிசு இல்லைன்னு எழுதுன மை காயல, வாரிசு வந்து வாணலியக் கெளறுது!"

"நான் என்னய்யா செய்ய? அதுவா வந்துச்சு."

"சரி, போகுது. வீடியோவுல பெரியப்பான்னா ஆயிரம் பெரியப்பா. வெள்ளிக்கெழம களரியில மட்டும் வாயத் தொறந்துறாதீக. மூக்கையா முன்னால சொல்லிட்டா அப்புறம் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டாரு. எப்பவும் போல ரெண்டு கூறையும் நீங்களே வாங்கிட்டு வந்துருங்க. அந்தப் பிள்ள பிளேன் ஏறிப் போயிரும்."

பிளேன் எப்போது என்று சாப்பாட்டு நேரத்தில் நைசாகக் கேட்டேன். வியாழக்கிழமை இருந்ததாம். களரி பார்க்க வேண்டும் என்று அடுத்த செவ்வாய்க்கு மாற்றிவிட்டாளாம். "நல்லதும்மா" என்றேன்.

சாயங்காலம் சில்லறை எடுக்க வந்த பாண்டி இழுப்பறையில் தாளைப் பார்த்துவிட்டாள். எட்டாம் வகுப்புதான். ஆனால் எழுத்துக் கூட்டி முழுசும் படித்தாள்.

"வாரிசு இல்லையா? அங்கன வீட்டுல வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கே, அது என்ன, ஆவியா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இது கம்பெனி விசயம்."

"மனுசனா நீங்க?"

இரவு தோசை மட்டும் வந்தது, சட்னி வரவில்லை.

மாசி 7, வியாழன்

சிவராத்திரி. வேனில் கோயிலுக்குப் புறப்பாடு. எடுத்துவைக்க: பெரிய சட்டி, அரிசி, வெல்லம், தார்ப்பாய், பாண்டியின் முழங்கால் தைலம்.

தர்ஷினியிடம் சொல்லிப் பார்த்தேன். "கூறு போடுற எடத்துக்குப் பொம்பளைக வரக்கூடாதும்மா. பொங்கல் வைக்கிற எடத்துலயே நில்லு." பொய்யில்லை, வழக்கம் அதுதான். பாண்டி வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாளாக என்னிடம் தைலம் தேய்க்கக்கூடச் சொல்லவில்லை.

மாசி 8, வெள்ளி

கோயிலிலிருந்து வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

காலை பத்து மணி. கண்மாய்க்கரையில் வெயில் ஏறிவிட்டது. ஓலைப்பாய் விரித்துக் கூறு போட்டாயிற்று. பங்காளிகள் வட்டமாக நின்றோம். மூக்கையா அண்ணன் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். எண்பது வயதுக்கு என்ன குரல்!

"வேலுச்சாமி வீடு!"

"இருக்கேன்." வாங்கினேன்.

"மலாயாக்காரர் சங்கையா வீடு!"

நிமிர்ந்து பார்த்தால் பொங்கல் பானைகளைத் தாண்டி, பாண்டியும் தர்ஷினியும் வேலிப்பக்கம் வந்து நிற்கிறார்கள். பாண்டி என்னையேதான் பார்த்தாள். பிள்ளை குச்சியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சங்கையா பெயர் காதில் விழுந்ததும் ஒரு எட்டு முன்னால் வந்தது.

"இருக்கேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"வந்திருக்காக" என்றேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "யாருலே?"

"சங்கையா பேரனோட மக. மலேசியாவுல இருந்து. அந்தா நிக்குது."

ஒரே சலசலப்பு. "பொம்பளப் பிள்ளைக்குக் கூறா? எந்த ஊரு வழக்கம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை.

"இம்புட்டு வருசமா அவுக கூறை நான் வாங்கித் தின்னேன். அப்ப எவனாவது கேட்டீகளா வழக்கம் என்னன்னு?"

அண்ணன் வேலிப்பக்கம் திரும்பினார். பிறகு, "வாத்தா இங்க" என்று கூப்பிட்டார்.

வந்தாள். ஒரு கையில் போன், மறு கையை நீட்டினாள். "சாமி கூறு. ரெண்டு கையாலயும் வாங்கு" என்றார் அண்ணன். போனை என் கையில் திணித்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். அழுதுகொண்டே சிரித்தாள். அங்கேயே இலையில் அதை இரண்டாகப் பிரித்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வேலுச்சாமி தாத்தா கூறு, பெரியப்பா. இந்த வருஷம் சீனத்து அம்மாவுக்கு இல்ல. உங்களுக்கேதான்."

வாங்கிக்கொண்டேன். வெட்கம். செத்துவிடலாம் போல வெட்கம். அவளுக்கு இன்னும் நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

திரும்பும்போது வேனில் பாண்டி தைல டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

மாசி 9, சனி

உடம்பு அசதி. கடை அரை நாள்தான்.

தர்ஷினி கோயில் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். கூறு வாங்கிய இடம் முழுக்க என் கட்டைவிரல். செக்கச் செவேலென்று விரல், உள்ளே யாரோ மூச்சு வாங்கும் சத்தம். "பெரியப்பா, இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் லா!" என்று மலேசிய இழுப்போடு தலையில் அடித்துக்கொண்டாள். பாண்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்.

செல்வம் போன். திட்டு. எழுதத் தகுந்தது அல்ல. கடைசியில் இறங்கி வந்தார். "அப்ப அந்தப் பக்கத்து வாரிசுக அம்புட்டுப் பேரு பேரையும் எழுதிக் கொண்டாங்க. எல்லாரும் கையெழுத்துப் போடணும். அது வரைக்கும் கம்பெனி காத்திருக்குமான்னு தெரியாது." காத்திருக்காது. டவுனுக்குள் கடை இந்த ஜென்மத்தில் இல்லை.

மாசி 10, ஞாயிறு

சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்றிருந்தேன், அவள் பாண்டிக்குச் செரைச் செடி நட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன், மலேசியாவில் அவள் அப்பாவுக்கு வீடியோவில் என்னைக் காட்டினாள். "அண்ணே" என்றார் அவர்.

மாசி 11, திங்கள்

மேகமூட்டம். மழை வராது, மாசியில் எங்கே வரும்.

பத்திர ஆபீஸுக்குப் போக வேண்டிய நேரத்தில் தர்ஷினியைக் கடைக்குக் கூட்டி வந்தேன். நாளை கிளம்புகிறாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தேன்.

"சங்கையா தாத்தா வழியில உங்க வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரையும் எழுதும்மா."

"எதுக்குப் பெரியப்பா? எல்லாருக்கும் வத்தல் பார்சலா?"

இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய தாளை அவள் முன் வைத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க மெதுவாகத்தான் வரும். விரல் வைத்து வாசித்தாள். வாரிசு யாரும் இல்லை என்ற இடத்தில் விரல் நின்றது. மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். அவள் கடைக்கு வந்த நாள்.

"அன்னிக்குக் கேட்டப்ப தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

ஒரு ஆள் வந்து கால் கிலோ மல்லி வாங்கிப் போனார். அவர் போகும்வரை அவள் தலை நிமிரவில்லை. பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அப்பா, சித்தப்பா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள். மொத்தம் பதினேழு பேர். மேலே இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருந்தாள். முடித்த பிறகு அந்த இடத்தில் என் பெயரை எழுதினாள்.

"இனிஷியல் என்ன, அங்கிள்?" என்றாள்.

சொன்னேன்.