சிப்பிவாய்க் குடாவில் வெட்டுண்ட கை

அலை ஓயாத கரையும் கலம் நீங்காத துறையும் உடைய கானற்றுறை நாட்டின் அரசி ஓதமாதேவி, மேகம் தங்கும் மலையும் குதிரை பெருகும் புல்வெளியும் உடைய குன்றேறி நாட்டு மன்னர் அரிமேலரையருக்கு விடுக்கும் ஓலை. உமது கொற்றம் வாழ்க. உமது தாயார் நலம் பெறுக. உமது மேய்ச்சல் நிலங்களில் மழை தவறாது பெய்க.

உம் தூதர் எம் சபையில் நின்று, விருந்தாளியாக வந்த உம் தம்பி விடங்கரின் வலக்கையை வெறிகொண்டு வெட்டிய படகுக்காரி கொற்றியின் தலையை வரும் பௌர்ணமிக்குள் அனுப்ப வேண்டும் என்றும், தவறினால் சிப்பிவாய்க் குடாவைக் கொளுத்துவீர் என்றும் முழங்கினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. நடந்தது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. உமக்கும் தெரியாது என்றே நம்புகிறோம். ஆகவே பொறுமையாகக் கேளும்.

அந்தக் குடா சிறியது. வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிப்பவர் வெளிக்கடலுக்குப் போவார்கள். பொழுதுபோக்காகத் தூண்டில் போட விரும்பும் பெருமக்களைக் குடாவுக்குள் அழைத்துச் செல்வது கொற்றிக்கும் அவள் கணவன் திரையனுக்கும் வழக்கம். அவன் துடுப்புப் போடுவான். அவள் படகின் பின்கோடியான பின்னணியத்தில் உறையில்லாத வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருப்பாள். தூண்டில் பிடித்தவர் "வெட்டு" என்றால், ஏன் எதற்கு என்று கேளாமல் வெட்ட வேண்டும். மீன் போனால் போகட்டும், ஆள் திரும்பி வரட்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

உம் தம்பிக்கு எம் நாட்டுச் சணல் கயிறு பிடிக்கவில்லை. செப்புக் கம்பி சேர்த்து முறுக்கிய பட்டுக் கயிற்றை உம் ஊரிலிருந்தே கொண்டுவந்தார். அதையும் குதிரையின் கடிவாளத்தைச் சுற்றுவதுபோல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். அப்படிச் சுற்றலாகாது என்று கொற்றி மன்றாடினாள். குதிரையை அடக்கியவனுக்கு மீன் எம்மாத்திரம் என்று அவர் சிரித்தார். மலைநாட்டார் அல்லாத வேறெவரும் இந்தத் தவற்றைச் செய்யார்.

நல்ல பாரை மீன் ஒன்று சிக்கியது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுறா ஒன்று வந்து அந்த மீனை முழுதாக விழுங்கிவிட்டுத் திரும்பியது. கயிறு சதையை அறுத்துக்கொண்டு எலும்பில் போய் நின்றது. படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது, உம் தம்பியின் தோள் வரை கடலுக்குள் போயிற்று. திரையன் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கொற்றி கயிற்றை வெட்டினாள். கம்பியில் பட்டுக் கத்தி வழுக்கியது. மறுபடியும் வெட்டினாள், மறுபடியும் வழுக்கியது. அப்போது விடங்கர் மணிக்கட்டைப் படகின் விளிம்பில் அழுத்தி வைத்து, கையை வெட்டு என்று அலறினார். அவள் வெட்டினாள். கை கயிற்றோடு போயிற்று.

முன்னணியத்தில், சாய்ந்த படகிலிருந்து விழாமல் விளிம்பைப் பற்றிக் கடலைப் பார்த்தபடி இருந்த உம் தம்பியின் மெய்க்காவலன் கணையன், அலை இரைச்சலில் சொல் புரியாமல் அலறலை மட்டும் கேட்டுத் திரும்பினான். ஓங்கிய கத்தியையும் தெறித்த இரத்தத்தையும் கண்டவன், யாரையும் எதையும் கேட்கவில்லை. வேலை ஓங்கினான். மனைவியை மறைத்து எழுந்த திரையனின் மார்பில் அது பாய்ந்து முதுகில் வெளிவந்தது. அவன் இரத்தமும் உம் தம்பியின் இரத்தமும் படகின் அடித்தண்ணீரில் ஒன்றாய்க் கலந்து கொற்றியின் கணுக்கால் வரை நின்றன.

வேல்முனை அவள் கழுத்துக்கு வந்தபோது அவள் சொன்னதை, மாற்றாமல் எழுதுகிறோம். "குத்துறதுன்னா குத்துய்யா. ஒங்க ராசா புள்ளைக்கு ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. ஒனக்குத் துடுப்புப் போடத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவள் தன் சேலையைக் கிழித்து, தன் கணவனைக் கொன்றவனின் எசமானருக்குக் கட்டுப் போட்டாள். கணவனின் பிணத்தைக் காலருகே கிடத்திக்கொண்டு, தன் முதுகில் கணையனின் வேல்முனை அழுந்த, கரை சேரும் வரை துடுப்புப் போட்டாள். கரையில் இறங்கியதும் கணையன் குதிரையேறி உம்மிடம் ஓடிவந்து பாதிக் கதையைச் சொன்னான். உம் தூதர் கேட்டபோது, எம் அரண்மனையில் காயத்தோடு கிடந்த விடங்கர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லில் அவள் தலை தப்பும் என்று அறிந்தும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இதைப் பின்னர் அறிந்தபோது யாம் கொதித்தோம், விருந்தாளி என்று பாராமல் அவரைத் தெருவில் தள்ளச் சொல்லும் அளவுக்குக் கொதித்தோம்.

கொற்றி அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அனுமதித்தோம், யாமும் உடனிருந்தோம். "ஐயா, வெட்டச் சொன்னது நீங்கதான்னு நான் எங்கயும் வாய் தொறக்கல. எந்தலை போனாலும் போவட்டும். எம்புருசனை எதுக்குக் கொன்னாங்க? அதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லுங்க" என்றாள்.

உம் தம்பி நெடுநேரம் அழுதார். பிறகு எழுந்து சபைக்கு வந்து, எல்லோரும் கேட்கச் சொன்னார்: தம் கையை வெட்டச் சொன்னவர் தாமே என்றும், உயிருக்குப் பயந்து ஒரு படகுக்காரியிடம் கெஞ்சியதை வெளியிட நாணியே மறைத்தார் என்றும், கணையன் வேலை ஓங்கியதைத் தம் கண்ணாலேயே பார்த்தார் என்றும், வெட்டு என்று கத்த வந்த வாய்க்குக் குத்தாதே என்று சொல்ல வரவில்லை என்றும், ஆதலால் திரையனைக் கொன்றவர் தாமே என்றும் சொன்னார்.

ஆகவே மன்னரே, கொற்றியை அனுப்ப மாட்டோம். குடாவைக் கொளுத்த வருவீராயின் வாரும். எம் போர்க்கலங்கள் அதன் வாயில் நிற்கின்றன. நீதி செய்ய வருவீராயின் கணையனோடு வாரும். அவனுக்கு உரிய தீர்ப்பை உம் அரியணையில் இருந்து கூறாமல், அந்த மணலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக் கூறும். இது எம் ஆணையும் வேண்டுகோளும்.

சங்கு முத்திரை இட்டோம். அதன் கீழே கோணல்மாணலாய்க் கீறியிருப்பது உம் தம்பி இடக்கையால் எழுதிய பெயர். ஓலையில் எழுத இரண்டு கை வேண்டும். ஏட்டை அசையாமல் பிடித்துக்கொண்டவள் கொற்றி.