சொல்லிவிட்டு வரும் சத்தம்

இஞ்சாருங்கோ,

இன்று தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். வழக்கமான போத்தல் கடையில் இல்லையென்று மகன் வேறு ஒன்று வாங்கி வந்திருந்தான். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க உங்களுடைய ஞாயிற்றுக்கிழமை மணம். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, பழைய பனியன் துண்டால் அந்தச் சின்னத் துவக்கை, அந்தக் கைத்துப்பாக்கியை, நீங்கள் துடைத்துக்கொண்டிருந்த மணம். அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோர்க்க என்னால் முடியவில்லை. மெஷினை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

லண்டன் கிங்ஸ்பரிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நீங்கள் இருந்த இருப்பை நான் யாருக்கும் சொன்னதில்லை. முன்கடைக்குச் சாமான் இறக்கும் லொறியின் பின்கதவு ரோட்டில் அடித்து விழும். அடுத்த நொடி நீங்கள் மாடிப்படிக்குக் கீழே, தூசி உறிஞ்சும் ஹூவருக்கும் சப்பாத்துகளுக்கும் இடையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் நீங்கள் வேலை செய்த கடைமீது ஷெல் விழுந்தபோது உள்ளே இருந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் எழுந்து வந்தீர்கள் என்று கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் உங்களோடு விமானம் ஏறி வந்திருக்கிறது என்பது லண்டனில்தான் தெரிந்தது. இங்கே ஐப்பசி பிறந்தால் போதும். தீபாவளி வெடியும் வெள்ளைக்காரர்களின் வெடியும் சேர்ந்து வாரக்கணக்கில் ஓயாது. அந்த நாட்களில் நீங்கள் படிக்குக் கீழேதான் சாப்பிடுவீர்கள். தட்டைக் கையில் தந்துவிட்டு நான் பக்கத்தில் நிலத்தில் இருப்பேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பிஸ்கட் பக்டரியிலிருந்து வந்து, "என்னோட வேலை செய்யிற டெரிக் என்னை ஒரு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவன். துவக்கு சுடுற கிளப்" என்றால் நான் என்ன நினைப்பேன்? பிறகு சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்றீர்கள். என் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது.

"என்ர தம்பியைச் சுட்டது ஆரெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தால், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இல்ஃபோர்ட்டுக்கு அக்காவிட்டப் போயிடுவன்" என்று கத்தினேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. "நீர் ஒருக்கா வந்து பாரும். பாத்திட்டு வேண்டாமெண்டால் விட்டிடுறன்" என்றீர்கள்.

வந்தேன். மறுப்பதற்கென்றே வந்தேன். ஒரு பழைய மண்டபத்தின் பின்னால் ஜன்னல் இல்லாத நீண்ட அறை. டெரிக் எனக்கும் காதுமூடி தந்தார். பென்ஷனை நெருங்கும் வயது, பெரிய கைகள், குரல் மட்டும் மிக மெல்லியது. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் பின்னால் நின்று உரத்துச் சொல்வார்: இப்போது குண்டு நிரப்பலாம், இப்போது சுடலாம், இப்போது நிறுத்துங்கள். அவர் சொல்லாமல் ஒரு சத்தமும் வரவில்லை. வந்த சத்தமும் பெரிதில்லை. காய்ந்த மட்டை முறிவது போல ஒன்று. நீங்கள் வலது கையை நீட்டி நின்றீர்கள். முதலில் கை ஆடியது. பிறகு மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கல்யாண மாலையோடு நின்றபோதுகூட நீங்கள் அப்படி இருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சொன்னீர்கள்: "உலகத்தில எல்லாச் சத்தமும் என்னைக் கேக்காமல்தான் வருது. அங்க மட்டும் சொல்லிப்போட்டு வருது."

பிறகு லைசென்சுக்காகப் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சீருடையைக் கண்டதும் நாங்கள் இருவரும் சுவரோடு ஒதுங்கி நின்றோம். துவக்கு வைப்பதற்கென்று நீங்கள் சுவரில் பூட்டியிருந்த இரும்புப் பெட்டியை அவர் ஆட்டிப் பார்த்தார். தேநீர் குடித்தார். ஏன் இந்த விளையாட்டு என்று கேட்டார். அங்கே அமைதியாக இருக்கிறது என்று உங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர் அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். இந்த நாட்டில் சீருடை போட்ட ஒருவர் என் சம்மதத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "யெஸ்" என்றேன்.

துவக்கு வாங்கக் கடைக்குப் போன அந்தச் சனிக்கிழமை மழை. டெரிக்கும் வந்தார். வழியெல்லாம் உங்களுக்கு ஒரே புத்திமதி. பார்க்க வடிவான துவக்கை வாங்காதே, வாராவாரம் சுட, கட்டுப்படியாகும் விலையில் ரவை, அதுதான் குண்டு, கிடைக்கிற துவக்கை வாங்கு. பெரிய ரவை சம்பளத்தைத் தின்றுவிடும். கிளப்பில் எல்லோரும் 'டூ-டூ' என்று சொல்கிற பாயிண்ட் இருபத்திரண்டு அளவுச் சின்ன ரவைதான் ஏழைக்கு ஏற்றது; அது கையையும் உதைக்காது, காதையும் உதைக்காது.

கடைக்காரர் பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தார். மூன்றும் டூ-டூதான். முதலாவது, உருளை சுழலும் ரிவோல்வர். நன்றாக உழைக்கும் என்றார். ஆனால் அதன் பிடி டெரிக்கின் கைக்குச் செய்தது போல இருந்தது. உங்கள் விரல் விசையை எட்டவே கஷ்டப்பட்டது. இரண்டாவது புதியது, கறுப்பு, விலையும் குறைவு. நீங்கள் அதை எடுத்தபோது நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஊரில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்களின் இடுப்பில் தொங்கும் அதே வடிவம். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உடனே அதைத் துணியில் வைத்தீர்கள்.

மூன்றாவது யாரோ பாவித்துவிட்டு விற்றது. மரப்பிடி, அதில் உள்ளங்கையைத் தாங்க ஒரு பலகை, முன்பக்கம் பாரமான நீட்டுக் குழல். கோணல்மாணலாக, ஒரு தச்சுச் சாமான் மாதிரி இருந்தது.

"இதைப் பாருங்கோ. இது துவக்கு மாதிரியே இல்லை" என்றேன்.

டெரிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் எதைக் காட்டினேன் என்று கண்டு கைதட்டினார். முன்பாரம் இருந்தால் நடுங்கும் கை தானாக அமரும் என்றார் கடைக்காரர். முன்பு வைத்திருந்தவர் சின்னக் கைக்காரராம். பிடி உங்கள் கைக்குள் அப்படியே இருந்தது. நீங்கள் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக் கையை நீட்டினீர்கள். குழலின் நுனி அசையவில்லை. "இவதான் எடுத்துத் தந்தவ" என்று அதன் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில், முன்பின் தெரியாத ஐயர் ஒருவரிடம்கூடச் சொன்னீர்கள்.

நல்ல வருடங்கள் அவை. லொறிக் கதவு விழுந்தால் திடுக்கிடுவீர்கள், ஆனால் உட்கார்ந்த கதிரையிலேயே இருப்பீர்கள். மகனுக்குச் சைக்கிள் பழக்கினீர்கள். ஒருதரம் நித்திரையில் சிரித்தீர்கள்.

பிறகு ஸ்கொட்லாந்தில் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து குழந்தைகளைச் சுட்டான். தொலைக்காட்சியில் அந்தக் குழந்தைகளின் வகுப்புப் படத்தைக் காட்டினார்கள். எங்கள் மகனும் அதே மாதிரி ஒரு நீலச் சுவெட்டரோடு உங்கள் மடியில் இருந்தான். நீங்கள் தொலைக்காட்சியை நிறுத்தவுமில்லை, பார்க்கவுமில்லை. பெரிய ரகக் கைத்துப்பாக்கிகளுக்கு முதலில் தடை வந்தது. எங்கள் சின்ன ரகத்துக்கும் பிறகு வந்தது. கிளப்காரர்கள் தடைக்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். டெரிக் உங்களையும் கூப்பிட்டார். நீங்கள் போகவில்லை.

"உங்களுக்குக் கவலையில்லையோ?" என்று கேட்டேன்.

"கவலைதான். ஆனால் அந்தப் பிள்ளையளின்ர தாய்மாருக்கு முன்னால நிண்டு நான் என்னெண்டு கதைக்கிறது? உம்மட அம்மாவுக்கு முன்னால நிண்டு கதைப்பனோ?"

அம்மா என் தம்பியின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஒப்படைக்கப் போன காலையில் மேசையில் பேப்பரை விரித்து எண்ணெய் போட்டுத் துடைத்தீர்கள். "குடுக்கிறதுக்கு ஏன் உந்த மினக்கெடு?" என்றேன். "ஊத்தையாக் குடுக்கக் கூடாது" என்றீர்கள். பொலிஸ் நிலையத்தில் ஓர் இளம்பெண் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினாள். நீங்கள் அவளுக்கு நன்றி சொன்னீர்கள். வெளியே வந்து, படியில் நின்று, பஸ் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டீர்கள். அந்த ரோட்டில் எத்தனையோ வருடம் நடந்த மனிதர்.

அந்த ஐப்பசியில் நீங்கள் மறுபடியும் படிக்குக் கீழே போனீர்கள். மகன் வளர்ந்துவிட்டதால், அவன் காணக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தீர்கள். நான் வெளியே நின்று யோசித்தேன். இந்த ஊரின் வெடிகளை என்னால் நிறுத்த ஏலாது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் எழும் சத்தமெல்லாம் என் கையில்தானே இருக்கிறது? அன்றிலிருந்து சொல்லத் தொடங்கினேன். "மிக்சி போடப்போறன்." "கதவைச் சாத்தப்போறன்." "குக்கர் விசில் வரப்போகுது." நீங்கள் எங்கிருந்தாலும் "ஓம்" என்பீர்கள். அதன் பிறகே நான் சுவிட்சைத் தட்டுவேன். முதலில் மகன் சிரித்தான். பிறகு அவனும் சொல்லத் தொடங்கினான். கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் படிக்கட்டுக்குக் கீழேயிருந்து நான் சமைக்கும் குசினி வாசல்வரை வந்தீர்கள்.

போன மாசியில் பக்டரியில், தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உங்கள் இருதயம் நின்றுவிட்டது. கீழே விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை என்று பக்கத்தில் நின்ற பொடியன் சொன்னான். செத்தவீட்டுக்கு டெரிக் ஊன்றுகோலோடு வந்தார். பெட்டியில் கிடந்த உங்கள் வலது கையை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

மகன் இப்போது பள்ளிக்கூடம் விட்டு லைப்ரரிக்குப் போய்விட்டு வருகிறான். பின்னேரங்களில் வீட்டில் நான் தனி. நேற்றுச் சம்பலுக்குத் துருவிய தேங்காய்ப்பூவைப் போட்டு மூடியை அழுத்தினேன். "மிக்சி போடப்போறன்" என்று சொன்னேன். நீங்கள் "ஓம்" சொல்வதற்கு நேரம் விட்டு, பிறகுதான் சுவிட்சைத் தட்டினேன்.