முதுகுக்கும் கோட்டுக்கும் நடுவே

கல்யாண்,
28-4-1964

அன்புத் தங்கை அன்னத்தாய்க்கு,

முன்பு ஒருமுறை மாப்பிள்ளை வேலுச்சாமி என்னிடம் கேட்டார்: "மச்சான், நீங்க சயன்ஸ் வாத்தியாருல்லா, சொல்லுங்க. தீ எங்க கோட்டத் தொடக்கூட இல்ல. பெறவு எப்படி உள்ள சுடுது?" வெயிலில் நிற்கிறவனைச் சூரியன் வந்தா தொடுகிறது என்று சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தக் கேள்வியே மனசில் நிற்கிறது. பஞ்சுக் கிடங்குத் தீயில் குனிந்து ஒரு சுமைகூலியைத் தூக்கி வந்தாராம், முதுகு வெந்துவிட்டதாம். படிக்கும்போதே கைகூப்பத் தோன்றியது. நீயோ, தீயணைப்பு வேலையை விடச் சொல்லி அவருக்கு எழுதுங்கள் என்கிறாய்.

எழுதுமுன் ஒரு சந்தேகம். கோட்டில் ஒரு நூல்கூடக் கருகவில்லை, கூட நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்கிறாய். அதே கம்பளிக் கோட்டுதானே? ஏதாவது மாறியதா?

அன்புடன்,
பெரியநாயகம்

தாராவி,
2-5-1964

அண்ணனுக்கு அன்னத்தாய் வணக்கம்.

ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டே கேலி பேசுகிறார். "இனிமே அந்தக் கோட்டத் தொடாதிய" என்றேன். "ஏட்டி, அப்பம் வெறும் மேலோடவா தீக்குள்ள போகச் சொல்லுத?" என்கிறார்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். போன வருஷத் தீயணைப்புப் படைப் பரேடில் அந்தக் கோட்டு சாக்குபோலத் தொங்கியது. பக்கத்து வீட்டுத் தங்கமயில், "யக்கா, அத்தான் யாரு கோட்ட எரவல் வாங்கிட்டு வந்தாவ?" என்று சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷம் பரேடுக்கு முன்னால் நானே மெஷினில் முதுகைப் பிடித்துத் தைத்தேன். அவ்வளவு எடுப்பாக இருந்தார், அண்ணா.

நான்தான் சுட்டுவிட்டேனா? துணியை வெட்டவில்லை, உள்ளே மடித்துத்தான் தைத்தேன். பிரித்துவிட்டால் போதுமா? போதாது என்றால் அவரை அனுப்பமாட்டேன்.

அன்னத்தாய்

கல்யாண்,
6-5-1964

அன்புள்ள அன்னத்தாய்க்கு,

சுட்டது தீ. நீ புருஷன் அழகாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அவ்வளவுதான்.

மழைக்கு முன்னால் தெருவில் வில்லை மீட்டிக்கொண்டு பஞ்சு அடிக்கிறவன் வருவானே, அவனை நினைத்துக்கொள். அமுங்கிப்போன ரஜாய்ப் போர்வையை அடித்துப் புசுபுசுவென்று ஆக்கித் தருகிறான். பஞ்சு கூடவில்லை, நடுவில் காற்று சேர்ந்திருக்கிறது. குளிரில் நம் சூட்டை வெளியே விடாததும் அந்த அசையாத காற்றுதான், தீயில் வெளிச்சூட்டை உள்ளே விடாததும் அதுதான். கோட்டு தொளதொளவென்று இருந்தது அதற்காகத்தான். பிடித்துத் தைத்த பிறகு, குனிந்தபோது முதுகில் இறுகி ஒட்டியது. காற்றுக்கு இடமில்லை. கம்பளி வாங்கிய சூடு நேரே தோலுக்குப் போய்விட்டது.

பிரித்துவிட்டால் போதுமா என்றாய். பொய் சொல்லமாட்டேன். எந்தக் கோட்டும் தீயை நிறுத்திவிடாது. கொஞ்ச நேரம் காக்க வைக்கும். திரும்பி ஓடிவர அந்தக் கொஞ்ச நேரம் வேண்டும். உன் வீட்டுக்காரர் அதையும் இன்னொருவரைத் தூக்கச் செலவழிப்பார். எனக்கும் பயம்தான். ஆனாலும் வேலையை விடச் சொல்லி அவருக்கு எழுத என் பேனா நகரவில்லை. அந்தக் கூலிக்காரனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருந்திருப்பாள்.

முடிவு உன்னுடையது. தையலைப் பிரி. புண் ஆறியதும் கோட்டைப் போடச் சொல்லி, அவரை நன்றாகக் குனியச் சொல். முதுகுக்கும் கோட்டுக்கும் நடுவே உன் கையை விட்டுப் பார்.

பெரியநாயகம்