வாசல்பக்கத்துச் சிவப்புப் பட்டன்

12.7.2007, வியாழன்

சாரல். துணி காயலை. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, சாளைமீன் கறி தூக்குல ஊத்தி, நாகர்கோவிலுக்கு பஸ். பேத்தி ஷைனிக்க வேலைய முதல் தடவை கண்ணால பாத்தேன். டிப்ளமோ, வயரிங் லைசென்ஸ். சொந்தமா எடுத்த முதல் காண்ட்ராக்ட்.

கம்ப்யூட்டர் கம்பெனி. அமெரிக்கா ஆஸ்பத்திரிகளுக்கு டைப் வேலை. அதனால வயரும் அந்த நாட்டுச் சட்டப்படி இருக்கணுமாம். தரைக்கு மேல இன்னொரு தரை, பலகை பலகையா. ரப்பர் கப்ப ஒட்டி இழுத்தா ஒரு பலகை கையோட வருது. கீழ ஒரு முழம் பள்ளம். கரண்டு வயர் எல்லாம் இரும்புக் குழாய்க்குள்ள, தலை வாரிவிட்ட மாதிரி. ஷை. குப்புறப் படுத்து தோள் வரைக்கும் கைய உள்ள விட்டுக் கிடக்கா.

"அம்மச்சி, தள்ளி நில்லு. நீ விழுந்தா எடுக்க இன்னும் ரெண்டு பலக களட்டணும்."

என் உடம்பக் கிண்டல் பண்ணுதா. பண்ணட்டும்.

13, வெள்ளி

முட்டுவலி. தைலம் தீந்தது.

திருவனந்தபுரத்துல இருந்து சோதிக்கிற சார் வந்தாராம். குழாய், எர்த்து எல்லாம் கணக்கா இருக்குன்னாராம். கடைசியா வாசல்பக்கத்துச் சிவப்புப் பட்டன அமுக்கினாரு. கம்ப்யூட்டர் நின்னுது. ஏசி நிக்கலை. கையெழுத்து போடாம போயிட்டாரு.

ஷை. சொன்னது: அந்தத் தரைக்கு அடியிலதான் ஏசி காத்து ஓடுது. வயர் கருகினா அதே காத்து புகைய அறை முழுக்க கொண்டு வரும். அதனால பட்டன் ஒண்ணு, நிக்க வேண்டியது ரெண்டும். ஏசிக்காரன் பிறகு வந்து தனி லைன் எடுத்திருக்கான். இவட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

திங்கக்கிழமை திறப்பு விழா. சார் திரும்ப வருவாரு. அன்னைக்கும் கையெழுத்து இல்லைன்னா அடுத்து வார மேல்மாடி வயரிங் வேலை திருநெல்வேலி காண்ட்ராக்டருக்கு.

சோத்த அளைஞ்சிட்டு எழும்பிட்டா.

15, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும். ஷை. நேத்தும் இன்னைக்கும் தரைக்கு அடியில. ஏசியையும் பட்டனோட சேத்தாச்சு. ஆனா அமுக்கிப் பாக்க கம்பெனி முதலாளி விடலை. "மெஷினெல்லாம் ஓட விட்டாச்சும்மா. இனி ஒண்ணையும் நிறுத்தப்படாது."

"சார் கேட்டா?"

"அவருக்கும் இதே பதில்தான்."

பாக்காம அவரு போடமாட்டாரு. இவரு பாக்க விடமாட்டாரு. நல்ல கூத்து.

"சேந்திருக்கு அம்மச்சி. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன?"

நாளைக்கு: பச்சைச் சேலை, குடை, பிரஷர் மாத்திரை.

16, திங்கள்

மாத்திரை எடுக்க மறந்தேன். தேவைப்படலை.

மேசை, மெஷின், கதவு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். சிவப்புப் பட்டனுக்க மூடியத் திறந்து யாரோ அதுக்கும் பொட்டு வச்சிருக்காங்க. திறந்து வைக்க வந்தது முதலாளிக்க மாமனார். அவர் அமுக்க வேண்டிய பெயர்ப்பலகை லைட்டு சுவிட்சும் அந்தச் சுவர்லதான். "அமுக்குங்க மாமா"ன்னு முதலாளி கைகாட்டினாரு. மாமனாருக்கு, பொட்டு வச்ச பட்டன்தான் கண்ணுல பட்டுது. பெருசா, காளான் மாதிரி. உள்ளங்கையால ஒரே அமுக்கு.

எல்லாம் போச்சு. கைதட்டு பாதியில நின்னுது. "அய்யோ மாமா, அது இல்ல." நான் காதக் கூர்மையாக்கினேன். இரைச்சல் இல்லை. ஏசி இல்லை.

திருவனந்தபுரத்து சார் ஆள விலக்கிக்கிட்டு வந்தாரு. குனிஞ்சு, தரையில காத்து வார ஓட்டை மேல கைக்குட்டைய விரிச்சாரு. ஆடலை.

"நின்னு"ன்னாரு, மலையாளத்துல. பிறகு ஷைனியப் பாத்து, "இனி எந்து நோக்கான்? கடலாஸ் கொண்டு வா." பாக்க இனி ஒண்ணும் இல்லையாம், கையெழுத்து போட காகிதம் கேக்காரு.

மாமனார் இன்னும் கைய எடுக்கலை. "ஏம் மக்கா, இனி விடலாமா?"

"விடுங்க தாத்தா"ன்னு சொல்லும்போ இவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும்.

மேல்மாடியும் இவளுக்குத்தான். முதலாளி மாமனார் முன்னாலயே சொல்லிட்டாரு.

வரும்போ சந்தை. சாளைக்காரி கூப்பிட்டா. திரும்பிப் பாக்கலை. விலை கூடினாலும் இன்னைக்கு நெய்மீன்.