நன்றி சொல்லக்கூடாத நாற்று

ராயா,

கஞ்சி அடுப்பின்மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். பூனையை அறைக்குள் விடாதே.

நேற்று எதிர்வீட்டு கிளாவ்தியா தந்த தக்காளி நாற்றுகளுக்கு நான் நன்றி சொன்னதும், “நாத்துக்குப் போய் யாராவது நன்றி சொல்லுவாங்களா? பத்திரிகைக்காரப் புருஷனுக்கு வாய் சும்மாவே இருக்காதா? நன்றி சொன்னா நாத்து பட்டுப்போகும்னு தெரியாதா? இனி அது பொழைச்ச மாதிரிதான்!” என்று கத்தினாய். சாயங்காலம் அவை துவண்டபோது நானும் பயந்துதான் போனேன்.

இன்று காலை பார்த்தால், ஒவ்வொன்றையும் காலித் தயிர் டப்பாவில் கழுத்துவரை மண்ணிட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறாய். வெளியே பனி இன்னும் உருகவில்லை. உள்ளே தக்காளி இலை வாசனை. உன் கைக்கு ஈடில்லை.

கேஷா

பி.கு.: பனி போய், மே மாதம் ஊருக்கு வெளியே உள்ள நம் தோட்டவீட்டுக்குக் கொண்டுபோகும்வரை அவற்றுக்கு வெயில் வேண்டுமே. தெற்கு ஜன்னலை அடைத்திருந்த என் எழுத்துமேசையைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். இனி வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.